இங்கே ஒரு நடனம்

இவள் காத்திருக்கவில்லை. கப்பலுக்கும் இல்லை, புருஷனுக்கும் இல்லை. இது இவருக்கு ஏன் தெரியவில்லை?

யோகா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சிட்னியில், நார்த்மீட்டில் ஒரு தேவாலயத்தின் பின்னால் இருந்த மண்டபத்தில், மடக்குக் கதிரை ஒன்றில் உட்கார்ந்து, சேஷாத்ரி வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை பிற்பகல். வெளியே யாரோ புல் வெட்டும் இயந்திரத்தை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். அது இரைந்து இரைந்து நின்றுபோனது.

சேஷாத்ரி பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கில நாடகம் கற்பிப்பவர். நானூறு வருஷத்துக்கு முந்திய நாடகங்கள். அவற்றைக் கற்பித்துக் கற்பித்து, தானும் தமிழில் ஒன்று எழுதவேண்டும் என்ற ஆசை வந்து, 'கப்பல் வராத துறை' என்று ஒரு நாடகம் எழுதியிருந்தார். அதே நானூறு வருஷத்துக்கு முன், சோழமண்டலக் கரையில் ஒரு வணிகன் கப்பலேறிப் போகிறான். அவன் மனைவி வீட்டில் இருக்கிறாள். மூன்றாம் அங்கத்தில் மேடையில் அவள் மட்டும்; அவளாக ஆடவேண்டியவள் யோகா. அவள் புலம்புவதற்கென்று அவர் ஒரு பக்கம் நிறையப் பாட்டெழுதியிருந்தார். அதைத்தான் இப்போது கண்ணாடியைக் கழற்றிப் போட்டு, கண் கலங்க வாசித்து முடித்தார்.

"என்ன யோசிக்கறேள், யோகா? பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு, மிஸ்டர் சேஷாத்ரி. ஆனா இவ்வளவும் நீங்களே சொல்லிப்போட்டா நான் அதில எங்க நிக்கிறது?"

கைத்தாளத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்த வைதேகி, சேஷாத்ரியின் மனைவி, பக்கென்று சிரித்தாள். "நான் பத்து வருஷமா கேக்கறதை நீங்க ஒரே நாள்ல கேட்டுட்டேள்."

சேஷாத்ரி கோபிக்கவில்லை. அதுதான் அவரிடம் யோகாவுக்குப் பிடித்த குணம். எழுந்து குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "அந்தக் காலத்துல அரண்மனையில இப்படித்தான் நடந்திருக்கு தெரியுமோ? கவிஞன் ஒரு பக்கம், ஆட்டம் அமைக்கிறவன் ஒரு பக்கம். ஒரே மேஜையில உக்காந்து சண்டை போட்டுண்டு ஒரே நாடகத்தைப் பண்ணுவா. அப்புறம் கவிஞன் தன் வரியெல்லாம் அச்சுல ஏத்திடுவான். ஆட்டம் வர்ற இடத்துல 'இங்கே ஒரு நடனம்'னு ஒரு வரி. அவ்வளவுதான். அந்த நடனம் என்னன்னு இன்னிக்கு எவனுக்கும் தெரியாது. வகுப்புல அந்த வரி வர்றப்பல்லாம் எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும்."

"அப்ப நாங்களும் சண்டை பிடிப்பமோ?" என்றாள் யோகா.

"பிடிக்கலாம். பிடிச்சுத்தான் ஆகணும்."

இப்படித் தொடங்கியது. அவர்களுக்கென்று ஒரு முறை வந்துவிட்டது. முதலில் யோகா ஆடுவாள், சொல் எதுவும் இல்லாமல். வைதேகி தாளம் தட்டுவாள். சேஷாத்ரி சப்பணமிட்டுத் தரையில் உட்கார்ந்து, அவள் காலடியின் கனத்துக்கு ஏற்ப வாயில் வந்ததை எல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். "பாத்திரம் பாத்திரம் பருப்பு, தாளிச்சு இறக்கு" என்பார். பிறகு அந்தப் பருப்பை எடுத்துவிட்டு உண்மையான சொல்லை அந்த இடத்தில் வைப்பார். சொல் நீண்டால் யோகா காலைத் தூக்கியபடி நின்று, "விழப்போறன், கெதியா வெட்டுங்கோ" என்பாள். அவர் வெட்டுவார். முதல் இரண்டு அங்கங்களும் இந்த விதமாக உருவாயின.

மூன்றாம் அங்கத்துக்கு வந்தபோதுதான் யோகா நின்றுபோனாள்.

காத்திருக்கும் பெண்ணை எப்படி ஆடுவது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. யாழ்ப்பாணத்தில் படித்ததும் அதன்பிறகு சென்னையில் இரண்டு வருஷம் படித்ததும் கையில்தான் இருந்தன. நெற்றிக்கு மேல் கையை வைத்துத் தூரத்தைப் பார்க்கவேண்டும். கன்னத்தைக் கையில் தாங்கவேண்டும். தோழியிடம் முறையிடவேண்டும். எல்லாம் செய்தாள். செய்யும்போதே தன் கை யாரோ ஒருத்தியின் கை போல் இருந்தது. "கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லிவிட்டு மண்டபத்தின் மூலைக்குப் போனாள். திரும்பி வந்தாள். ஒரு கதிரையை நேராக்கினாள். மறுபடியும் மூலைக்குப் போனாள். எதற்குப் போனோம் என்று மறந்து நின்றாள். துடைத்த மேசையை முந்தானையால் துடைத்தாள். நேராக்கிய கதிரையைச் சற்றுச் சரித்தாள்.

தாளச் சத்தம் கேட்டது. வைதேகி அந்த நடைக்கு மெல்லத் தட்டத் தொடங்கியிருந்தாள். யோகா நிற்காமல் தொடர்ந்தாள். கால் தானாக ஜதிக்குள் போனது. ஜதி முடியவேண்டிய இடத்தில் கால் நிலத்தில் விழாமல் தயங்கியது. தயங்கிய காலோடு அவள் கதவடிக்குப் போனாள். கதவைத் திறந்தாள். வெளியே பார்க்கவில்லை. கதவின் கீலைப் பார்த்தாள், எண்ணெய் விடவேண்டும் என்பது போல. மூடினாள்.

முடிந்ததும் சேஷாத்ரி தன் பக்கத்தை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"இந்த இடத்துல என் வார்த்தை வேண்டாம்," என்றார். "ஒண்ணுகூட வேண்டாம்."

அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது யோகாவின் உள்ளங்கால்கள் சூடாக இருந்தன. பயமாகவும் இருந்தது. அவள் ஆடியது நடனம் இல்லை, அவள் வீடு. பிளாக்டவுனில் மருந்துக்கடையில் வேலை இல்லாத நாட்களில், கணவன் நித்தியானந்தன் அலுவலகம் போனபின், கூடத்துக்கும் குசினிக்கும் இடையில் அவள் நடக்கும் நடை அது.

அந்த நடைக்கு எல்லாரும் காரணம் வைத்திருந்தார்கள். ஊர் நினைப்பு என்றான் நித்தியானந்தன். உடம்பில் இரும்புச்சத்துக் குறைவு என்றார் டொக்டர் வரதராஜா. பிள்ளை ஒன்று வந்தால் சரியாகிவிடும் என்றார்கள் பெண்கள். யோகா ஒவ்வொரு காரணத்தையும் சட்டை போல் போட்டுப் பார்த்தாள். ஒன்று தோளில் பிடித்தது, ஒன்று கழுத்தில் தொங்கியது. ஊரில் இருந்தபோதும் அவள் நடந்திருக்கிறாள். கணவன் நல்லவன். மாத்திரைகள் முடிந்துபோயின. நடை நிற்கவில்லை. காரணம் இல்லாமல் ஒருத்திக்குள் ஒன்று அலையலாம் என்று சொன்னால் யார் ஏற்றுக்கொள்வார்கள்? அவளே ஏற்றுக்கொண்டதில்லை. அந்தச் சனிக்கிழமைதான், ஜதி முடியாமல் கால் அந்தரத்தில் நின்ற அந்தக் கணத்தில்தான், அது தன்பாட்டில் இருக்க ஓர் இடம் கிடைத்தது. அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமைக்காகவும் அவள் வாரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

சிட்னியில் நாடகம் நடந்தது. தமிழர் என்று சொல்லக்கூடிய எல்லாரும் வந்திருந்தார்கள். எழுபத்தாறாம் ஆண்டில் அவர்களை எண்ணி முடிக்க அதிக நேரம் ஆகாது. முதல் இரண்டு அங்கங்களுக்கும் கைதட்டல். வணிகனாக நடித்த சிவபாலனின் குரலுக்குத் தனியாக ஒரு கைதட்டல். மூன்றாம் அங்கம் தொடங்கியது. யோகா கதிரையை நேராக்கினாள். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் துடைத்ததையே துடைத்தபோது சிரிப்பு நின்றது. தாளமும் மிக மெல்லியது. மண்டபம் அப்படியே உறைந்து கிடந்தது.

அப்போது வரதராஜா மேடைக்கு ஏறினார்.

டொக்டர் வரதராஜாதான் விழாவுக்குப் பொறுப்பு. கோட்டும் டையும் அணிந்து, தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில் முதுகை வளைத்துக்கொண்டு வந்தார். மேடை ஓரத்தில் நின்ற மைக்கை நகத்தால் தட்டினார். "ஹலோ, ஹலோ" என்றார். ஒலிபெருக்கி 'ஹலோ' என்று முழங்கியது. மைக் வேலை செய்கிறது என்று கண்டு அவர் இன்னும் குழம்பிப்போய், தாங்கியைத் தூக்கிக்கொண்டு வந்து யோகாவின் வாய்க்கு நேரே வைத்துவிட்டு, அதே வளைந்த முதுகோடு இறங்கிப் போனார்.

யோகா அந்த மைக்கைச் சுற்றி நடந்தாள். பிறகு அதையும் நேராக்கினாள். வேறென்ன செய்வது?

நாடகம் முடிந்ததும் சேஷாத்ரியைச் சுற்றி ஆண்கள் நின்றார்கள். "என்ன சேர், நடுவில வசனத்தை மறந்துபோனாவோ?" "அஞ்சு நிமிஷம் ஒண்டும் கேக்கேல்லை. நான் என்ர காதெண்டு நினைச்சன்." "ஏதாவது கருத்து இருக்கும்தானே, அதைச் சொல்லிவிட்டா எங்களுக்கும் விளங்கும்." சேஷாத்ரி எல்லாருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு மெல்ல மெல்லக் கழன்றுகொண்டிருந்ததை யோகா தூரத்திலிருந்தே கண்டாள்.

மண்டபத்துக் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ரஞ்சினி, அதிகம் பழக்கமில்லாதவள், கேத்தலை வைத்துவிட்டு யோகாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "எங்கட வீட்டு யன்னலுக்குள்ளால பாத்தனீங்களோ?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் மறுபடியும் கேத்தலை எடுத்தாள்.

நித்தியானந்தன் காரை ஓட்டிவந்தான். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான், "அது எங்கட குசினிதானே?" என்றான்.

"ஓம்."

"அந்தக் கதவுக்கு எண்ணெய் விடச் சொல்லி நீர் ஒருநாளும் சொல்லேல்லையே."

மறுநாள் எண்ணெய் விட்டான். அதற்குப் பிறகு வேலையிலிருந்து நேரத்தோடு வரத் தொடங்கினான். பத்திரிகையை விரித்துவைத்துக்கொண்டு அவள் கால்களைப் பார்த்தான். ஒரு நாள் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து, "நான் என்ன செய்யவேணும் எண்டு சொல்லும், யோகா. செய்யிறன்," என்றான். அவள் கூடத்தின் நடுவில் நின்றாள். சொல்வதற்கு ஏதாவது இருந்திருந்தால் அந்தக் குரலுக்காகவே சொல்லியிருப்பாள்.

மெல்பேர்னிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு ஞாயிறு பிற்பகல் அங்கேயும் ஆடவேண்டும். நித்தியானந்தனின் கிங்ஸ்வுட் காரில் நாலு பேரும் சனிக்கிழமை விடியற்காலை புறப்பட்டார்கள். முன்னால் ஆண்கள், பின்னால் யோகாவும் வைதேகியும். சிவபாலன் முதல்நாளே ரயிலில் போயிருந்தான். சாலை நீண்டுகொண்டே போனது. மஞ்சள் புல்லும் கம்பி வேலியும் திரும்பத் திரும்ப வந்தன. யோகாவால் காலை ஓரிடத்தில் வைக்க முடியவில்லை. கார் தரையில் அவள் குதிகால் தட்டிக்கொண்டிருந்தது. வைதேகி அதைக் கேட்டும் கேளாதவள் போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழியில், கண்டகாய் என்ற சிற்றூரில் ஒரு கடை முன் நிறுத்தினார்கள். மேசையில் பிளாஸ்டிக் விரிப்பு, ஈக்கள், அவர்களை விட்டுக் கண்ணெடுக்காத ஒரு லொறிச் சாரதி. முட்டை சாண்ட்விச் வந்தது. சேஷாத்ரி சாப்பிடாமல் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

"யோகா, தப்பா எடுத்துக்கப்படாது. மூணாம் அங்கத்துக்குக் கொஞ்சம் எழுதிண்டு வந்திருக்கேன்."

பழைய பக்கம் இல்லை. புதியது, சிறியது. யோகா வாசித்தாள்.

*வாசல் திறந்தே கிடக்கிறது, வருவாய் என்று.*
*நேராக்கி வைத்த இருக்கை உனக்கு;*
*துடைத்துத் துடைத்துத் தேய்ந்த பலகையில்*
*உன் முகம் தெரியும்வரை துடைப்பேன்.*

இன்னும் சில வரிகள். எல்லாம் நல்ல வரிகள். அவள் செய்த ஒவ்வொன்றையும் அவர் பார்த்திருந்தார், எதையும் விடவில்லை.  கதிரைக்கு ஓர் ஆள், துடைத்ததற்கு ஒரு முகம், கதவுக்கு ஒரு வருகை என்று எல்லாவற்றுக்கும் காரணம் தைத்துக் கொடுத்திருந்தார். இதுவரை கிடைத்த சட்டைகளிலேயே அழகான சட்டை.

"நீங்க ஆடறதை அப்படியே ஆடுங்கோ. ஒண்ணும் மாத்தவேண்டாம். சிவபாலன் பின்னால இருந்து இதை வாசிப்பான். அவ மனசு பேசற மாதிரி."

"அவ மனசு சிவபாலன் குரல்லயா பேசும்?" என்றாள் வைதேகி.

"உன் குரல் கடைசி வரிசைக்குப் போகாது வைதேகி. அன்னிக்கு ஜனங்க என்ன கேட்டான்னு நீயும் பார்த்தியோல்லியோ? மைக் ரிப்பேர்னு நினைச்சுண்டா. என் நாடகத்தோட உச்சத்தை மைக் ரிப்பேர்னு நினைச்சுண்டா!"

நித்தியானந்தன் கை நீட்டித் தாளை வாங்கினான். வாசித்தான். மறுபடியும் வாசித்தான். பல கிழமைகளாக அவன் நெற்றியில் இருந்த சுருக்கம் விரிந்ததை யோகா கண்டாள்.

"நல்லாயிருக்கு. இப்பதான் விளங்குது," என்றான். அவளைப் பார்த்துச் சிரித்தான், கலியாணமான புதிதில் சிரித்த மாதிரி. "அவ அவனை நினைச்சுத்தான் அப்பிடி நடக்கிறா. இதை முதலே சொல்லியிருக்கலாமே?"

யோகா தேநீரைக் குடித்தாள். அது ஆறியிருந்தது.

மிச்ச வழி முழுவதும் தனக்குள் வாதாடினாள். என்ன குறைந்துபோகும்? ஒரே ஒரு தரம் தலையசைத்தால் இந்த மனிதன் நிம்மதியாகத் தூங்குவான். சேஷாத்ரிக்குத் தன் உச்சம் கிடைக்கும். அடுத்த நாடகமும் வரும், சனிக்கிழமைகள் இருக்கும். மறுத்தால் சனிக்கிழமைகள் போய்விடும். அந்த மண்டபம் இல்லாத வாரத்தை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பிழையாகவாவது விளங்கிக்கொள்ளட்டுமே. யாருக்கும் விளங்காமல் இருப்பதைவிட அது மேல் இல்லையா? அல்பரி என்ற ஊரைத் தாண்டியபோது, ஆடிவிடலாம் என்று முடிவெடுத்திருந்தாள். குதிகால் மட்டும் நிற்கவில்லை.

அன்றிரவு மெல்பேர்னில், ரோவிலில் நித்தியானந்தனின் நண்பர் வீட்டில் தங்கினார்கள். புது வீடு, புதுத் தெரு, மரம் ஒன்றும் இன்னும் வளரவில்லை. ஞாயிறு மதியம் மண்டபத்துக்குப் போனார்கள். சனம் வர இரண்டு மணி நேரம் இருந்தது. மேடையில் கதிரையும் மேசையும் வைக்கப்பட்டன. சிவபாலன் திரைக்குப் பின்னால் மைக்கோடு நின்றான்.

"சேர், நான் பொம்பிளைக் குரலிலயோ வாசிக்கிறது?"

"உன் குரல்லயே வாசி. மனசுக்கு ஆண் பெண் கிடையாது."

"அம்மா கேட்டா நம்பமாட்டா," என்றான் சிவபாலன். மண்டபத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். யோகாவும் சிரித்தாள். மனம் லேசாகத்தான் இருந்தது. தன் இடத்துக்குப் போய் நின்றாள். வைதேகி தாளத்தைத் தொட்டாள்.

"வாசல் திறந்தே கிடக்கிறது, வருவாய் என்று..." சிவபாலனின் குரல் அருமையாக எழுந்தது.

யோகாவின் வலது கை உயர்ந்தது. கதிரைக்குப் போகவேண்டிய கை. அது கதிரைக்குப் போகவில்லை. மேலே போயிற்று. விரல்கள் ஒன்றுசேர்ந்து நெற்றிக்கு மேல் நிழல் கட்டப் போனதை அவள் ஆச்சரியத்தோடு பார்த்தாள். தூரத்துக் கடலைப் பார்க்கும் கை. பாடசாலையில் பரிசு வாங்கிய கை. அவள் சொல்லாமலே அது அந்த வரிக்குக் கீழ்ப்படிந்துகொண்டிருந்தது. கால், தயங்கவேண்டிய இடத்தில் தயங்காமல் டப்பென்று நிலத்தில் விழுந்து ஜதியை முடித்தது.

கையை இறக்கினாள். நின்றாள்.

சிவபாலன் நான்கு வரிகளையும் வாசித்து முடித்து, திரைக்கு வெளியே தலையை நீட்டினான். "என்ன அக்கா, நான் பிழையா வாசிச்சிட்டனோ?"

"இல்லை. நீர் நல்லா வாசிச்சனீர்."

"இன்னொரு தரம் பார்ப்போமா?" என்றார் சேஷாத்ரி.

இன்னொரு தரம் பார்த்தார்கள். இந்த முறை அவள் கையை இடுப்போடு அழுத்திப் பிடித்திருந்தாள். அப்போது கழுத்து திரும்பியது, வாசலைப் பார்க்க. அவள் கண் தேடியது, இல்லாத ஒருவனை.

யோகா மேடையிலிருந்து இறங்கினாள். படியடியில் நித்தியானந்தன் தேர்மோஸ் மூடியில் தேநீர் ஊற்றி அவளுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனைத் தாண்டி, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த சேஷாத்ரியிடம் போனாள்.

"வரி நல்ல வரி, மிஸ்டர் சேஷாத்ரி. நான் பொய்க்குச் சொல்லேல்லை. அது இருக்கட்டும். ஆனா அது இருக்கிற இடத்தில நான் ஆடேல்லை."

சேஷாத்ரிக்கு உடனே புரியவில்லை. "வரியை எடுத்துட்டா?"

"எடுத்தா ஆடுறன்."

"எடுத்தா அவாளுக்குப் புரியாதே."

"ஓம். விளங்காது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கோபம் இல்லை, களைப்புத்தான். "யோகா, நான் உங்களுக்கு விரோதமா எழுதலை. நீங்க ஆடினதைப் பார்த்துத்தானே எழுதினேன்? ஒவ்வொண்ணும் நீங்க பண்ணினதுதானே?"

"ஓம். அதுதான். நான் செய்ததெல்லாம் இருக்கு. ஏன் செய்தனான் எண்டதையும் நீங்களே சொல்லிப்போட்டீங்கள்." தேடித் தேடிச் சொன்னாள். "அது எனக்கே தெரியாது."

"இன்னிக்கு ஒரு நாள். இன்னும் கொஞ்ச நேரத்துல ஜனங்க வந்துடுவா. வார்த்தையும் வேண்டாம், ஆட்டமும் புரியாதுன்னா அந்த இடத்துல நான் என்ன வைக்கறது?"

"'இங்கே ஒரு நடனம்' எண்டு போடுங்கோ," என்றாள் யோகா. அதில் குத்தல் இருக்கவில்லை. அவருக்கும் அது தெரிந்தது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

மேடையில் வைதேகி இரண்டு தாளங்களையும் சத்தமில்லாமல் ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்து வைத்தாள். முன்வாசலில் யாரோ கதவைத் திறந்து, நேரமாகவில்லை என்று கண்டு, மூடிவிட்டுப் போனார்கள்.

நித்தியானந்தன் பக்கத்தில் வந்து நின்றான். தேநீர் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. மற்றவர்களுக்குக் கேட்காமல் குனிந்து பேசினான்.

"அந்த வரியோட ஆடும், யோகா. எனக்கு அது பிடிச்சிருக்கு. எனக்காக எண்டு வைச்சுக்கொள்ளும்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கண்டகாயில் விரிந்த நெற்றி மெல்லச் சுருங்கத் தொடங்கியிருந்தது. அதைத் தன் கையால் தடவி நேராக்கிவிட வேண்டும் போலிருந்தது. தேநீரை வாங்கிக்கொண்டாள். இந்த முறை அது சுடச்சுட இருந்தது.

"இல்லையப்பா," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "மாட்டன்."